தொடர் ஓட்டப் பெண்கள்: ஓடியவர்களும் பார்த்தவர்களும் சொல்கிறார்கள்

நான்காம் லெக்:

ஹாங்சோ ஆசிய விளையாட்டு நடந்த வாரத்தில் ஒரு பெண்ணை மட்டும் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டு உங்கள் அனுபவங்களைக் கேட்கிறேன்.

2023 அக்டோபர் 2 காலை, 400 மீட்டர் தடை ஓட்டத்தின் தகுதிச் சுற்று. கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் 55.42 விநாடியில் ஓடி முடித்தார். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு பங்கு விநாடியில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தாரே, அன்று அவர் ஓடியதும் அதே 55.42தான். அத்தனை வருஷம் நின்ற தேசிய சாதனையைச் சமன் செய்த பெண், அன்று சாயங்காலமே இரண்டு ஆணும் இரண்டு பெண்ணும் ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் கலப்புத் தொடர் ஓட்டத்தின் இரண்டாவது லெக்கில், அதாவது இரண்டாவது ஆளாக ஓட, வந்து நின்றார்; அணிக்கு வெள்ளி. மறுநாள் தடை ஓட்ட இறுதி, 55.68, வெண்கலம். அதற்கடுத்த நாள் பெண்கள் 4×400 தொடர் ஓட்டம். முதல் லெக் அவர்தான். அணியின் நேரம் 3:27.85, வெள்ளி.

மூன்று நாளில் நாலு தடவை 400 மீட்டர். முழு மூச்சாக ஒரே ஒரு 400 ஓடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடைசி நூறு மீட்டரில் தொடை கல்லாக இறுகிவிடும், முடித்த பிறகு அரை மணி நேரத்துக்கு வயிற்றைப் புரட்டும், மறுநாள் படி இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். அந்த உடம்போடு அவர் திரும்பத் திரும்ப வந்து நின்றார்.

அந்த மூன்று பதக்கங்களில் தடை ஓட்ட வெண்கலம் அவர் பெயரோடு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. மற்ற இரண்டும் 'இந்திய அணிக்கு வெள்ளி' என்று போய்விட்டன. அந்த இரண்டு ஓட்டத்திலும் அவர் தனியாக எத்தனை விநாடியில் ஓடினார் என்று தேடிப் பார்த்தேன். முடிவுப் பட்டியலில் அணியின் மொத்த நேரம்தான் இருந்தது.

தொடர் ஓட்டத்தையே வாழ்க்கையாகக் கொண்ட பெண்களை நாம் எதை வைத்து அளக்கிறோம்? ஓடியவர்கள், பழக்கியவர்கள், மைதானத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.

பழைய ஓட்டக்காரி:

எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக அணிக்காக 4×400இல் இரண்டாவது லெக் ஓடியவள் நான். வித்யா அளவுக்கெல்லாம் இல்லை. ஆனாலும் அந்த லெக்கின் பயம் எனக்குத் தெரியும்.

முதல் லெக் ஓடுபவருக்கு ஒரு முழுச் சுற்றும் தன் தடம் தனக்கே. இரண்டாவது லெக்காரிக்கு முதல் வளைவு மட்டும்தான் தடத்துக்குள். வளைவு முடிந்ததும் தரையில் குறுக்கே ஒரு வளைந்த கோடு, அதன்மேல் சின்னச் சின்னக் கூம்புகள் இருக்கும். அதைத் தாண்டியதும் எட்டுப் பேரும் உள் தடத்தை நோக்கி ஒரே நேரத்தில் பாய்வார்கள். அங்கேதான் முழங்கை பேசும். முன்னால் ஓடுகிறவளின் ஷூ ஆணி (ஸ்பைக்ஸ்) முழங்காலுக்குக் கீழே கீறிக்கொண்டு போனதெல்லாம் ஓடி முடித்து உட்காரும்போதுதான் தெரியும். அந்த ஐம்பது மீட்டரில் ஒரு முடிவு எடுக்கணும். வேகத்தைக் கொட்டி முன்னால் புகுந்துவிடுவதா, இல்லை ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கடைசி நூறுக்குச் சேமிப்பதா? தப்பாக எடுத்தால் அதன் விலையை அடுத்து நிற்கும் இரண்டு பேரும் சேர்ந்து கொடுக்கணும்.

அதனால்தான் சொல்கிறேன், தனி 400 நேரத்தை மட்டும் வைத்துத் தொடர் ஓட்டக்காரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எங்கள் அணியிலேயே தனி ஓட்டத்தில் என்னைவிட வேகமானவள் ஒருத்தி இருந்தாள். நெரிசலுக்குள் போட்டால் ஒதுங்கிவிடுவாள். அவளை முதல் லெக்கில் போட்டார்கள், அற்புதமாக ஓடினாள். நேர்மாறாக, தனியாக ஓடும்போது சாதாரணமாகத் தெரிகிறவள், கைமாற்றும் கட்டையான பேட்டன் கையில் வந்ததும் வேறு ஆளாகிவிடுவாள். எங்கள் அணியில் கடைசி லெக் ஓடியவள் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய போட்டியில் எங்கள் அணியின் தகுதிச் சுற்றில் ஓடிய ஒருத்தியை இறுதிக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவள் புத்துணர்ச்சியோடு இருந்தாள், பதக்கமும் வந்தது. ஆனால் சான்றிதழில் இறுதியில் ஓடிய நாலு பேரின் பெயர் மட்டுமே இருந்தது. நடத்தியவர்களிடம் போய்க் கேட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் தகுதிச் சுற்றில் மட்டும் ஓடியவருக்கும் பதக்கம் உண்டு. இங்கே அந்தப் பெண்ணுக்குக் காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கிற வீட்டில் அந்தக் காகிதம் என்னவென்று உங்களுக்கே தெரியும். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன கலப்பு அணியில் தனலட்சுமி சேகர் இருந்தாரே, திருச்சிப் பெண். ஓடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. மாற்று ஆளாகப் போகிறவர் மற்றவர்களைப் போலவே தயாராகி, அதே நேரத்தில் வார்ம்அப் செய்துவிட்டு, பிறகு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கைதட்ட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தவர்களையும் யாராவது எழுதுங்கள்.

மதுரைக்காரன்:

அக்கா டோக்கியோ என்றதும் எனக்கு ரேவதி வீரமணி ஞாபகம்தான். பெற்றோர் இல்லாமல் பாட்டி வளர்த்த பெண், ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியவர். 2021 ஜூலை 30 அன்று வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். முகமது அனஸிடமிருந்து வாங்கி ரேவதி ஓடி, சுபா வெங்கடேசனிடம் கொடுத்தார். சுபா ஆரோக்கிய ராஜீவிடம் கொடுத்தார். நாலில் மூன்று பேர் தமிழ்நாடு! அணியின் நேரம் 3:19.93, ஹீட்டில், அதாவது தகுதிச் சுற்றில், எட்டாவது. தெருவில் பட்டாசு வெடிக்கவில்லை. ஆனால் எங்கள் பகுதிப் பள்ளி மைதானத்தில் அடுத்த வாரமே பேட்டனுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு பெண் பிள்ளைகள் ஓடியதை நானே பார்த்தேன். எட்டாவது வந்ததை அந்தப் பிள்ளைகள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கொடி பிடிப்பவர்:

மாவட்ட, மாநிலப் போட்டிகளில் பல வருஷமாகத் தொழில்நுட்ப அலுவலராக நிற்கிறேன். என் இடம் பெரும்பாலும் பேட்டன் மாற்றும் பகுதி. அங்கே நின்று பார்த்தால் டிவியில் தெரியாத பலது தெரியும்.

4×100இல் வாங்குபவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடுவார், பேட்டன் வந்து விழும். 4×400இல் அப்படி முடியாது. வருகிறவர் எந்த வேகத்தில் வருவார் என்று அவருக்கே தெரியாத நிலையில் வருகிறார். அதனால் வாங்குபவர் திரும்பி, கண்ணால் பார்த்து, வருகிறவரின் களைப்பை எடைபோட்டு, அதற்கேற்றபடி கிளம்ப வேண்டும். பகுதி 20 மீட்டர்தான். உடம்பு எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, பேட்டன் அந்த 20 மீட்டருக்குள் கை மாற வேண்டும். நன்றாகப் பழகியவர்கள் இடது கையில் வாங்கி, ஓட ஆரம்பித்ததும் வலது கைக்கு மாற்றிக்கொள்வார்கள்.

மூன்றாவது, நான்காவது லெக் ஓடுபவர்களை வரிசையில் நிறுத்துவது எங்கள் வேலை. ஓடிக்கொண்டிருப்பவர்கள் 200 மீட்டர் இடத்தைக் கடக்கும் வரிசைப்படி, காத்திருப்பவர்கள் உள்ளிருந்து வெளியே நிற்க வேண்டும். அதன்பிறகு தன் அணி பின்னால் போனாலும் முன்னால் வந்தாலும் இடம் மாறக்கூடாது. தன் தோழி கடைசி நேர்ப்பாதையில் வரும்போது மூச்சு வாங்கித் தள்ளாடுவதைப் பார்த்துக்கொண்டே நகராமல் நிற்கும் பெண்களின் முகத்தை ரொம்பக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். சிலர் பெயர் சொல்லிக் கத்துவார்கள். சிலர் சத்தமே இல்லாமல் கையை மட்டும் நீட்டுவார்கள். ஒரு மாநிலப் போட்டியில் வந்தவள் பேட்டனைக் கொடுத்த கையோடு அப்படியே என் காலடியில் விழுந்தாள். எழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, 'உள்ளேதானே கொடுத்தேன் சார்?' உள்ளேதான் கொடுத்திருந்தாள்.

கலப்புத் தொடர் ஓட்டம் வந்த பிறகு பெண்களின் இடமே மாறிவிட்டது. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் கவனிக்கவில்லை. ஆரம்பத்தில் இரண்டு ஆண், இரண்டு பெண் என்பதுதான் விதி, யார் எப்போது ஓடுவது என்பது அணியின் விருப்பம். 2019 தோஹா உலகப் போட்டி இறுதியில் போலந்து முதல் இரண்டு லெக்கிலும் ஆண்களை ஓடவிட்டு, பெண்கள் இருவரையும் கடைசிக்கு வைத்தது. பெரிய முன்னிலையோடு கிளம்பிய பெண்ணைப் பின்னாலிருந்து ஆண்கள் துரத்திப் பிடித்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்றுதான் சொல்வேன். அதே போட்டியில் நம் அணியில் வி.கே. விஸ்மயாவும் ஜிஸ்னா மேத்யூவும் ஓடினார்கள். தகுதிச் சுற்றிலேயே டோக்கியோ இடத்தை உறுதி செய்து, இறுதியில் 3:15.77இல் ஏழாவது வந்தார்கள்.

டோக்கியோவுக்குப் பிறகு வரிசையை நிலையாக்கிவிட்டார்கள்: ஆண், பெண், ஆண், பெண். இதனால் கடைசி லெக் எப்போதும் பெண்ணுடையது. கோட்டைத் தாண்டுவது, பதக்கத்தை முடிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. டோக்கியோவில் மூன்றாவது லெக் ஓடிய சுபாவை அதன்பிறகு கடைசி லெக்கில் பார்ப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம். ஹாங்சோ கலப்பு இறுதியில் அவர் மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டார், அணியின் நேரம் 3:14.34. இலங்கை அணி தட விதியை மீறியதால் நீக்கப்பட, வெண்கலம் வெள்ளியானது. யாரோ ஒருவர் தட விதியை மீறியதற்கு நாலு பேரும் பதக்கத்தை இழந்தார்கள். இலங்கைப் பெண்களை நினைத்தும் அன்று மனசு கனத்தது.

உடற்கல்வி ஆசிரியை:

சார் விதிகளைச் சொல்லிவிட்டார். நான் இந்தப் பெண்களுக்கு முன்னால் ஓடியவர்களைச் சொல்கிறேன்.

1984 லாஸ் ஏஞ்சலிஸ். உஷா, எம்.டி. வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம். 4×400 இறுதியில் ஏழாவது, 3:32.49, அன்று அது ஆசிய சாதனை. உஷாவின் தடை ஓட்டத்தைப் பேசுகிற ஊர் இந்த நாலு பேரை ஒன்றாகப் பேசுவதே இல்லை. இருபது வருஷம் கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் நம் பெண்கள் இறுதிக்குப் போனார்கள், மறுபடியும் ஏழாவது. கே.எம். பீனாமோல், சித்ரா கே. சோமன் போன்றவர்கள் இருந்த அந்த அணி தகுதிச் சுற்றில் ஓடிய நேரம் 3:26.89. ஹாங்சோவில் வெள்ளி வாங்கித் தந்த 3:27.85ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பீனாமோல் தலைமுறை எவ்வளவு உயரத்தில் நின்றது என்று புரியும்.

ஆசிய விளையாட்டில் 2002 பூசானில் தொடங்கி 2006, 2010, 2014, 2018 என்று தொடர்ந்து ஐந்து தடவை இந்தப் போட்டியின் தங்கம் இந்தியப் பெண்களுடையது. வேறு எந்த இந்தியத் தடகளப் பிரிவைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? என் மாணவிகளுக்கு முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் கசப்பான பகுதி. 2010 டெல்லி காமன்வெல்த் தங்கத்தை நாம் எல்லாரும் கொண்டாடினோம். மறு வருஷமே அந்த அணியில் ஓடிய மந்தீப் கவுர், சினி ஜோஸ், அஷ்வினி அக்குஞ்சி ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடை செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த சமயத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அம்மா என்னிடம் வந்து, 'டீச்சர், பிள்ளைக்கு ஊசி போடுவாங்களா?' என்று கேட்டார். அதோடு மகளை நிறுத்திவிட்டார். என்ன சொல்லியும் அவர் மனம் மாறவில்லை.

தனி ஓட்டத்தில் ஒருவர் தவறு செய்தால் அவர் பதக்கம் போகும். தொடர் ஓட்டத்தில் நாலு பேருக்கும் போகும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கலப்பு அணியில் எம்.ஆர். பூவம்மா, ஹிமா தாஸ் இருவரும் ஓடி இந்தியா இரண்டாவது வந்தது. முதலில் வந்த பஹ்ரைன் அணியில் இருந்த கெமி அடெகோயா பின்னால் ஊக்கமருந்து வழக்கில் தடை செய்யப்பட்டதால் தங்கம் நமக்கு வந்தது. மேடையில் நின்று கேட்க வேண்டிய தேசிய கீதத்தை அந்தப் பெண்கள் கேட்கவே இல்லை. பஹ்ரைன் அணியின் மற்ற மூன்று பேர் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்றும் யோசிக்கிறேன். அதனால் என் அணியில் சேருகிற பிள்ளைகளிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்: சளி மாத்திரையானாலும் கேட்காமல் விழுங்காதே, உன் வாய்க்குள் போவது மற்ற மூன்று பேர் கழுத்திலிருந்தும் பதக்கத்தைக் கழற்றும்.

நான்காம் லெக்:

டீச்சர், அந்த அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை.

நீங்கள் எல்லாரும் சொன்னதை வைத்து சுபா வெங்கடேசனின் பயணத்தை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 2021 டோக்கியோ, கலப்பு, ஹீட்டோடு வெளியே. 2023 ஜூலை, பாங்காக் ஆசிய சாம்பியன்ஷிப், கலப்பு, தங்கம், 3:14.70. அதே வருஷம் அக்டோபரில் ஹாங்சோ, இரண்டு வெள்ளி. 2024 மே, பஹாமாஸில் நசாவ் நகரில் உலகத் தொடர் ஓட்டப் போட்டி. முதல் நாள் தகுதி கிடைக்கவில்லை, அடுத்த நாள் இரண்டாவது வாய்ப்பில் ரூபல் சவுத்ரி, பூவம்மா, ஜோதிகா ஸ்ரீ தண்டி, சுபா நால்வரும் 3:29.35இல் ஓடி ஜமைக்காவுக்கு அடுத்து வந்து பாரிஸ் ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தார்கள். பாரிஸில் 3:32.51, ஹீட்டில் எட்டாவது. 2025 மே, தென் கொரியாவின் குமியில் ஆசிய சாம்பியன்ஷிப், கலப்பிலும் பெண்கள் 4×400இலும் தங்கம், இரண்டிலும் கடைசி லெக்.

நசாவில் ஒரு இரவு இடைவெளியில் மறுபடி ஓடி ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. பதக்கம் இல்லாத ஓட்டம் என்பதால் அது யார் பேச்சிலும் வருவதில்லை.

சார், உங்களிடம் ஒரு கேள்வி. ஒவ்வொரு லெக்கின் தனி நேரத்தை நாமே எடுக்க முடியுமா? எங்கள் மாவட்டப் போட்டிகளிலாவது செய்யலாம் என்று ஆசை.

கொடி பிடிப்பவர்:

தாராளமாக எடுக்கலாம். இடைநேரத்தைப் பதிவு செய்யும் ஸ்பிளிட் பொத்தான் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். யார் கையில் இருந்தாலும் சரி, பேட்டன் கோட்டைக் கடக்கும் நொடியில் அழுத்த வேண்டும். கைமாறிய நொடியில் அழுத்தினால் கணக்கு தப்பாகும், ஏனென்றால் ஒரு அணி கோட்டுக்கு முன்னாலும் இன்னொரு அணி கோட்டுக்குப் பின்னாலும் மாற்றும். முதல் மாற்றம் மட்டும் கொஞ்சம் சிக்கல். அது தடங்களுக்குள்ளேயே நடப்பதால் எட்டுத் தடத்துக்கும் எட்டு இடத்தில் கோடு இருக்கும். எந்த அணியைப் பார்க்கிறீர்களோ அந்தத் தடத்தின் கோட்டுக்கு நேராக நில்லுங்கள். இரண்டாவது மாற்றத்திலிருந்து முடிவுக் கோடே எல்லாருக்கும் பொது.

ஒரு எச்சரிக்கை. முதல் லெக்காரி கால் ஊன்றும் பிளாக்கிலிருந்து, அசையாத நிலையில் கிளம்புகிறாள். மற்ற மூவரும் நகர்ந்துகொண்டே வாங்குகிறார்கள். அதனால் அவர்கள் நேரம் குறைவாகத்தான் வரும். முதல் லெக் நேரத்தையும் மூன்றாவது லெக் நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒருத்தி மெதுவானவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லெக் எண், எந்த இடத்தில் வாங்கினாள், எந்த இடத்தில் கொடுத்தாள், அதற்கு முன்னால் அன்றைக்கு வேறு எந்தச் சுற்று ஓடியிருந்தாள், இவ்வளவையும் நேரத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

பழைய ஓட்டக்காரி:

தகுதிச் சுற்றில் ஓடி இறுதியில் இல்லாதவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாவட்டப் போட்டிக்கு வருகிறவர்கள் சொல்லுங்கள், கடிகாரம் பிடிக்க இன்னும் ஒரு ஆள் வேண்டும்.